வாடகை விமானமும் எங்கள் வீட்டுச் சண்டையும்

ஜூலை 1, திங்கள்

கடுப்பை எங்கேயாவது கொட்ட வேண்டும். வீட்டில் காலியாக இருப்பது என் தோழி நஸ்ரின் என் பிறந்தநாளுக்குக் கொடுத்த இந்த டைரி ஒன்றுதான்.

என் பெயர் சுடர்க்கொடி. பிளஸ் ஒன். வீடு விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர். தலைக்கு மேலே விமானம் போனால் டிவியில் வில்லன் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். அப்பா தணிகைவேல் ‘தென்வான்’ கம்பெனியில் கேப்டன். இறக்கைக்கு ஒன்றாகப் பெரிய விசிறி சுழலும் எழுபது சீட் விமானம் இருக்கிறதல்லவா, அதைப் பதினேழு வருஷமாக ஓட்டுகிறார். அம்மா அமுதவல்லி அதே கம்பெனியில் வேறு பிரிவு. எந்த விமானம் வேண்டும், எது வேண்டாம், எதை எப்போது மாற்றுவது என்று கணக்குப் போடுகிற பிரிவு. அம்மாவின் துறை விமானத் தேர்வு, என் துறை காலாண்டுத் தேர்வு. இரண்டிலும் முடிவு தெரியாமல் எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

இன்று கம்பெனி அறிவித்துவிட்டது. ஆறு விசிறி விமானங்களையும் அனுப்பிவிட்டு ஜெட் எடுக்கலாமா என்று ஆராயப் போகிறார்களாம். ஆராயப் போவது யார்? எனக்கு லெமன் சாதம் கட்டிக் கொடுக்கிற அதே அம்மையார்.

ராத்திரி தோசைக்கு நடுவே அப்பா ஆரம்பித்தார்.

“ஏன் அமுதா, நல்லா ஓடுற வண்டிய எதுக்கு மாத்தணும்?”

“நல்லா ஓடுறப்பதாங்க மாத்தணும். படுத்ததுக்கப்புறம் யார் எடுப்பா?”

“நானும் நல்லாத்தான் ஓடுறேன்.”

“உங்கள யாருங்க மாத்துறா? சட்னி போட்டுக்குங்க.”

அப்பா சட்னி போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 3, புதன்

அப்பாவுக்கு என்ன பயம் என்று இன்று புரிந்தது. சட்டைத் தோளில் மாட்டும் பட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேப்டனுக்கு நாலு கோடு.

“ஜெட் வந்தா நீங்க ஜெட் ஓட்டுங்களேன்ப்பா. இதுல என்ன?”

“ஓட்டலாம். ஆனா கேப்டனா இல்ல. ஜெட்ல பறந்த மணிக்கணக்கு என்கிட்ட சைபர். பரீட்சை எழுதி, பாஸாகி, ரெண்டு மூணு வருஷம் கோ-பைலட். மூணு கோடு.”

“ஒரு கோடுதானே?”

“ஆமா. எனக்கு அம்பத்தோரு வயசு, சுடரு. வெளியிலேருந்து ஜெட் கேப்டன்னு ஒரு முப்பது வயசுப் பையன எடுப்பாங்க. அவன்கிட்ட நான் ‘ஓகே சார்’ சொல்லணும்.”

“நான் சொல்லாத ‘ஓகே’யெல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன். எடுத்துக்கங்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். பட்டையை இன்னொரு தடவை துடைத்தார்.

ஜூலை 7, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். எப்படித்தான் விமானம் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கலர் பார்த்தா?

அம்மா வெண்டைக்காய் நறுக்கியபடியே பாடம் எடுத்தாள். முதலில் விமானத்தைப் பார்க்கவே கூடாதாம். எந்த ஊருக்குப் போகிறோம், எத்தனை பேர் வருவார்கள், ஓடுபாதை எவ்வளவு நீளம், அதைப் பார்க்க வேண்டும். மும்பை, டெல்லி போக வேண்டுமென்றால் விசிறி விமானம் போய்ச் சேர்வதற்குள் பயணிக்குப் பசித்து, தூங்கி, மறுபடியும் பசித்துவிடும். சேலம், தூத்துக்குடிக்கு ஜெட் விட்டால் பாதி சீட் காலியாகப் போகும். அப்புறம் எரிபொருள், உதிரிப்பாகம், பெரிய பழுதுபார்ப்பு எப்போது வருகிறது என்பது. முழு விமானத்தையும் பிரித்துப் போட்டுப் பார்க்கிற அந்தப் பெரிய வேலைக்கு முன்னாலேயே கைமாற்றி விடுவது புத்திசாலித்தனமாம். போன வருஷம் எங்கள் வாஷிங் மெஷினை, வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் சித்தி தலையில் கட்டியது ஏன் என்று இப்போது தெரிகிறது.

“அப்ப ஜெட்தானா?”

“அத நான் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்த ஆறும் நம்முது இல்ல. வாடகை. அயர்லாந்துல ஒரு கம்பெனிதான் ஓனர். ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நடுவுல காலி பண்ணினா அபராதம். அது சின்ன அபராதம் இல்ல.”

விமானத்துக்கும் ஹவுஸ் ஓனர்! ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது என்பாரா?

ஹாலில் பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா ‘அபராதம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பேப்பரை மடித்தார். முகத்தில் நல்ல வெளிச்சம். மத்தியானம் மூன்று தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த அபராதம் இருக்கிறவரை அவர் கேப்டன்.

ஜூலை 12, வெள்ளி

இந்த மாதம் முழுக்க ஒவ்வொரு விசிறி விமானத்தையும் கம்பெனி கவனிக்கிறது. எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது, நேரத்துக்குக் கிளம்புகிறதா, எத்தனை தடவை மக்கர். அப்பா விடுவாரா? மற்ற கேப்டன்களையும் கூட்டி வைத்துக்கொண்டு விசிறிக் கட்சி ஆரம்பித்துவிட்டார். தரையில் ஓடும்போது ஒரு இன்ஜினை அணைத்துவிடுகிறார்களாம். பயணிகள் இறங்கியதும் அப்பாவே ஜன்னலைத் துடைக்கிறாராம். ஒரு சின்ன மக்கர் வந்தாலும் எழுதிக் கொடுத்து, சரியாகும்வரை மெக்கானிக்கின் பக்கத்திலேயே நிற்கிறாராம்.

வீட்டிலும் அதே கதை. நான் அறையை விட்டு ஒரு நிமிஷம் வெளியே போனால் ஃபேன் நின்றுவிடுகிறது. விசிறி விமானத்துக்காக வீட்டு விசிறியை அணைக்கும் ஒரே மனிதர் எனக்கென்று வாய்த்திருக்கிறார்.

ஜூலை 17, புதன்

நானும் கட்சியில் சேர்ந்தேன். அப்பாவுக்குத் தெரியாது.

ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் ஒரு அட்டை. அதிலுள்ள கியூஆர் கட்டத்தைப் போனால் படமெடுத்தால் பயணிகள் கருத்து எழுதும் பக்கம் திறக்கும். அப்பா பையில் ஒரு அட்டை இருந்தது. நஸ்ரின் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்க எழுதினோம். சில மாதிரிகள்:

‘விமானம் அருமை. பக்கத்து சீட்காரரை மட்டும் மாற்றவும்.’

‘ஜெட்டில் போனால் என் ஊரைப் பார்ப்பதற்குள் தாண்டிவிடுகிறது. இதில் என் மாமியார் வீடு தெரிந்தது. பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.’

‘விசிறி இருப்பதால் வியர்க்கவில்லை.’

நஸ்ரின் ஒன்றில் ‘கேப்டன் தணிகைவேல் தங்கமான மனுஷன்’ என்று எழுதினாள். எடுத்துவிடச் சொன்னேன். அதற்குள் அனுப்பிவிட்டாள்.

ஜூலை 20, சனி

மாட்டிக்கொண்டோம்.

அம்மா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். அவள் அப்படி வந்தால் நான் பாத்ரூமுக்குப் போவது வழக்கம். இன்று கதவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

“பதினேழாம் தேதி சேலம் பிளைட்டு ஜம்முனு போச்சுன்னு இருபது பேர் எழுதியிருக்காங்க.”

“போகட்டுமேம்மா. நல்ல விஷயம்தானே?”

“அன்னிக்கு மழையில அந்த பிளைட்டே கேன்சல்டி! எழுதின போன் நம்பர்ல ஒண்ணு உன்னோடது!”

நான் நஸ்ரினை நினைத்துப் பல்லைக் கடித்தேன். நஸ்ரின் என்னை நினைத்துக் கடித்திருப்பாள்.

“சும்மா ஜாலிக்கும்மா…”

“ஜாலியா? வரதன் சார் கூப்பிட்டுக் கேக்குறாரு. ‘உங்க வீட்டுக்காரர் ஓட்டுற விமானத்துக்கு உங்க வீட்லேருந்தே கருத்து வருதேம்மா’ன்னு. எல்லார் முன்னாலயும். நான் அங்க பதினாலு வருஷமா இருக்கேன், சுடர்.”

வரதன் சார் அம்மாவின் மேலதிகாரி. இனி அம்மா கணக்கு மட்டும் போடுவாளாம். கூட்டத்தில் பேசப் போவது வேறு ஆள். இந்த விஷயத்தில் வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“அப்பாகிட்ட சொல்லுவியா?”

“எத? நீ பண்ணினதையா? எதையும் சொல்ல மாட்டேன்னுதானே கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

அம்மாவுக்கும் ஜோக் வரும். இன்று சிரிப்பு வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

வெண்டைக்காய். பாடம் இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

அப்பா வாயெல்லாம் பல்லாக வந்தார். அயர்லாந்திலிருந்து டெக்லன் என்று ஒருவர் வந்து விமானத்தைப் பார்த்தாராம்.

“யாருப்பா அவரு?”

“செக் பண்ண வந்திருக்காருன்னாங்க. இந்த மாசக் கணக்கு எல்லாம் சரியான்னு பாக்கத்தான் இருக்கும். நானே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். சக்கரம் மடங்குற இடத்துல டார்ச் அடிச்சுப் பாத்தாரு. ஒரு எண்ணெய்ப் பிசுக்கு? ம்ஹும். இன்ஜினுக்குள்ள தலைய விட்டுப் பாத்தாரு. சீட்டுக்கு அடியில கைய விட்டாரு. என்ன சொன்னாரு தெரியுமா? பன்னெண்டு வருஷ விமானம் இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததே இல்லன்னாரு. கையக் குடுத்தாரு!”

அம்மா அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது நொறுங்கியது.

“எல்லாத்தையும் காட்டினீங்களா?” என்றாள்.

“பின்ன? பழைய ரிப்பேர் வெவரம்கூட ஒண்ணு விடாம எடுத்துக் குடுத்தேன். இனி எவன் இந்த விமானத்த மாத்தச் சொல்லுவான், பாக்குறேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவை அல்ல, என்னை. அப்புறம் அடுப்படிக்குப் போனவள், சாப்பிட வரவே இல்லை. தலைவலி என்றாள்.

அயர்லாந்து என்றதும் எனக்கு ஏதோ உறுத்தியது. எங்கேயோ கேட்ட ஊர். கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருந்ததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஜெட்.

ஆறு விமானமும் போகிறது. அபராதமே இல்லை. இந்தோனேசியா பக்கம் தீவுகளுக்குள் பறக்கிற ஒரு கம்பெனி இதே மாதிரி விமானத்துக்கு அலைந்துகொண்டிருந்ததாம். டெக்லன் ஹவுஸ் ஓனரின் ஆள். வீடு எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர். பார்த்தார், அசந்தார், புதுக் குடித்தனக்காரனிடம் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். பழைய குடித்தனக்காரன் இன்றே காலி செய்தாலும் ஓனருக்குச் சந்தோஷம்.

எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்திருந்தால், ஜன்னல் கொஞ்சம் அழுக்காக இருந்திருந்தால், அப்பா இன்னும் இரண்டு வருஷம் கேப்டன். துடைத்துத் துடைத்துத் தன் சீட்டையே துடைத்துவிட்டார்.

ராத்திரி ஹாலில்:

“அந்தாளு யாருன்னு உனக்குத் தெரியுமா, அமுதா?”

“தெரியும்.”

“அவன் வரப்போறது?”

“அதுவும் தெரியும்.”

“அன்னிக்குக் காலையில என்கிட்டதானே காபி குடுத்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

அம்மா பதில் சொல்லவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்றும் சொல்லவில்லை. நான் என் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான் பண்ணினதை இப்போது சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று. சொல்லவே இல்லை. மகா எரிச்சல். திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு தூங்கப் போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இருவரும் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் என் வழியாகப் போகிறது. கன்ட்ரோல் டவர் நான்.

“சுடர், உங்கப்பாகிட்ட கேஸ் சிலிண்டருக்கு சொல்லிட்டாரான்னு கேளு.”

அப்பா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“அப்பா, கேஸ்?”

“சொல்லியாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

“அம்மா, காதுல விழுந்துச்சா, இல்ல மைக் வெக்கட்டா?”

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து, “வாய மூடு” என்றார்கள். குடும்பம் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் இரண்டு மிட்டாயை ஒட்டி ஒட்டி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒன்று மேசையின் இந்த மூலையில், ஒன்று அந்த மூலையில். யார் நகர்த்தியது என்று தெரியவில்லை. இரண்டையும் நானே தின்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும். விமானத்துக்கும் அதே சட்டம். வாலில் இருந்த தென்வானின் மயில் சின்னத்தை அழித்து, உடம்பு முழுக்க வெள்ளை பூசிவிட்டார்களாம். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“எப்படிப்பா இருக்கு?”

“ஆஸ்பத்திரி மாதிரி.”

இன்னொன்றும் சொன்னார். அந்தத் தீவுக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறதாம். இதே விமானம், கேப்டன் வேலை, நாலு கோடு. ஆனால் வருஷத்தில் பத்து மாதம் அங்கே இருக்க வேண்டும். முதல் விமானத்தைக் கொண்டுபோய் விடுவதே அப்பாதான். அங்கே போனதும் பதில் சொல்ல வேண்டுமாம்.

“என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியல. உங்கம்மா என்ன சொல்றா?”

“நீங்களே கேளுங்க. டவர் இன்னிக்கு லீவு.”

கேட்கவில்லை. அம்மா அவர் பெட்டியில் பனியன்களை மடித்து வைத்தாள். எத்தனை வைக்கிறாள் என்று பார்த்தேன். நாலு நாள் பயணத்துக்கு எட்டுப் பனியன். மறுபடியும் எண்ணினேன். எட்டுதான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நாளை அப்பா கிளம்புகிறார். சாயங்காலம் காரில் பம்மல் பக்கம் மாத்திரை வாங்கப் போனோம். போகிற வழியில் அப்பாவிடம் ஒரு சின்ன விஷயம் சொன்னேன். என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. டைரி என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டுமா என்ன?

அப்பா காரை ஓரமாக நிறுத்தினார்.

“நஸ்ரினுமா?”

“அவ ஒரே ஒரு கமெண்ட்தான் உங்க பேர் போட்டு எழுதினா.”

“கேன்சலான பிளைட்டுக்கு.”

“ம்.”

“அதுக்கப்புறம்தான் அமுதா கையெழுத்துப் போட்டாளா?”

“ம்.”

பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், வீடு கட்டப் போறியா இங்க?” என்றார். அப்பா வண்டியை எடுத்தார். மருந்துக்கடையில் கேட்காமலே எனக்கொரு சாக்லேட் வாங்கினார். அதற்குப் பதிலாக ஒரு அறை கொடுத்திருக்கலாம். சாக்லேட்டைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

தகவல் இல்லை. அம்மா ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் அண்ணாந்து பார்க்கிறாள். வீட்டுக்குள் இருந்தால் மேலே ஃபேன்தான் தெரியும். அதைப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 28, புதன்

அப்பா வந்துவிட்டார்! வேறு கம்பெனி ஜெட்டில், கடைசி வரிசையில், கழிவறைக்கு முன்னால் உட்கார்ந்து வந்தாராம்.

“சேரலயாப்பா?”

“விமானத்தத்தான் அவங்க வாடகைக்கு எடுத்தாங்க. என்னை இல்ல.”

அம்மா அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள். அப்பா பெட்டியைத் திறந்தார். உடுத்தாத பனியன் நாலு, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவரே பீரோவில் வைத்தார். பேச்சு மட்டும் இன்னும் என் வழியாகத்தான். “உங்கம்மாகிட்ட சொல்லு, திங்கக்கெழமை ஜெட் பயிற்சியில சேர்றேன்னு.”

சொன்னேன். “காதுல விழுந்துச்சு” என்றாள் அம்மா, என்னிடம்.

செப்டம்பர் 5, வியாழன்

புது அவஸ்தை. ஜெட்டின் காக்பிட் முழுவதையும் அச்சடித்த பெரிய காகிதத்தை அப்பா ஹால் சுவரில் ஒட்டிவிட்டார். அதற்கு முன்னால் இரண்டு டைனிங் நாற்காலி. பயிற்சிக்குப் போகிற எல்லாரும் வீட்டில் இப்படித்தான் பழகுவார்களாம். காகிதத்தில் இருக்கிற பொத்தானைத் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடினாலும் கை தானாகப் போகும்வரை. இடது நாற்காலி கேப்டனுக்கு. வலது நாற்காலி அப்பாவுக்கு. கேப்டன் யார்? காலை ஐந்தரை மணிக்கு எழுப்பப்பட்ட நான்!

கேப்டன் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். அப்பா தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. அது அவர்கள் சட்டம்.

தினமும் அப்பா முதலில் இடது நாற்காலியில்தான் உட்காருகிறார்.

“ப்பா. அது என் சீட்டு.”

“ஆங். பழக்கம்.” எழுந்து வலது பக்கம் போய் உட்காருகிறார். நான் அந்த நேரத்தில் கொட்டாவி விடுவேன். கொட்டாவி வரவில்லை என்றாலும் விடுவேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரை! நான் தூக்கத்தில் ஒரே வரியை மூன்று தடவை படித்தேன். அப்பா மூன்று தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னார். நாலாவது தடவை என் தலை காகித ஜெட்டின் மேல் போய் இடித்தது.

“என்ன கேப்டன், மலைமேல மோதிட்டீங்களா?”

“ராஜினாமா பண்றேன்ப்பா. எனக்கு டியூஷன் இருக்கு. மேத்ஸ் மிஸ் கொன்னுடுவாங்க.”

“இன்னும் ஒரு தடவை, சுடரு. நாளைக்கு டெஸ்டு.”

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கை ஈரத்தை நைட்டியில் துடைத்துக்கொண்டே என் தோளைத் தட்டினாள்.

“எந்திரி.”

எழுந்தேன். அம்மா இடது நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். கண்ணாடி இல்லாததால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அப்பா நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்க்கிங் பிரேக்?” என்றாள் அம்மா.

அப்பாவின் கை மடியிலேயே இருந்தது.

நான் ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிய லேசை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அம்மா அடுத்த வரிக்குப் போகவில்லை. அட்டையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பார்க்கிங் பிரேக்?”

அப்பாவின் கை மெதுவாக நீண்டு காகிதத்தைத் தொட்டது.

“செட்.”

“ஃப்யூவல் பம்ப்?”

“ஆன்.”

“இது என்ன, பி, ஐ, டி… பிட்டாட்டா?”

“பீட்டோ. பீட்டோ ஹீட். வேகம் அளக்குற குழாயச் சூடாக்குறது. இத்தன வருஷம் விமானக் கம்பெனியில இருந்துட்டு பிட்டாட்டாம்.”

“நான் கணக்குப் போடுறவங்க. இருக்கிறதத்தான் படிக்க முடியும். பதிலச் சொல்லுங்க.”

“ஆன். ஆன்தான். கொஞ்சம் மெதுவாப் படி, அமுதா. முதல்லேருந்து.”

அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.